சிவப்பு நூல் என்னோடது

என் செல்ல முரட்டு அம்மா,

உனக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் நோட்டீஸ், ஆஸ்பத்திரி சீட்டு, எது வந்தாலும் நம்ம மர்பி டவுன் தெருவுல யாராவது ஒருத்தர் உரக்கப் படிச்சுக் காட்டணும். நீ இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னு கேப்ப. ரகசியம்னு ஒண்ணு உனக்கு இருந்ததே இல்ல. அதனால இதையும் ஊரே படிக்கிற மாதிரி எழுதறேன். யாராவது உனக்குப் படிச்சுக் காட்டட்டும்.

நீ போய் அஞ்சு மாசம் ஆச்சு. காலையில ரோடு பெருக்கிக்கிட்டிருந்தவளைத் தண்ணி லாரி அடிச்சுப் போட்டது. அந்த டிரைவரை ஸ்டேஷன்ல பாத்தப்ப நான் செருப்பைக் கழட்டிட்டேன். என் கூட்டாளி காவ்யாதான் என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சு வெளியில இழுத்துட்டு வந்தா. கை நீட்டற புத்தி எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நீயே சொல்லு.

உன்கிட்ட கடைசியா நான் பேசினது ஒரு பொய். அது உனக்குத் தெரியாது. தெரியாமலே கண்ணை மூடிட்ட. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனா அதுக்கு முன்னாடி பழைய பொய்யைச் சொல்லணும், அது உனக்குத் தெரிஞ்சதுதான். படிக்கிறவங்களுக்குத் தெரியாது.

உன்னைக் கல்பள்ளி மயானத்துல புதைச்சோம். மண்ணுக்குள்ள எந்த மாசம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்மா. மத்த பொண்ணுங்க நிம்மதியா பூவைப் போட்டுட்டு ஊதுபத்தி கொளுத்திட்டுப் போறாங்க. என்னால முடியல. பன்னெண்டு வயசுலேருந்து எலும்பு பொறுக்கினவளுக்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும்னு யார் கண்டா?

பன்னெண்டு வயசு வரைக்கும் எனக்கு ஒரு ஆள் துணை கிடையாது. நீ ஆரஞ்சு கோட்டைப் போட்டுக்கிட்டு குப்பை வண்டியைத் தள்ளிட்டு ஸ்கூல் வாசலைத் தாண்டிப் போவ. அன்னிலேருந்து என் பேரு கச்சரா, குப்பை. பெஞ்சுல பக்கத்துல உக்கார மாட்டாங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. நான் ஒருத்தனை ஜாமெட்ரி பாக்ஸால மண்டையில அடிச்சேன், நாலு தையல். ஹெட்மிஸ் உன்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நீ வந்து, அவங்க முன்னாடியே என்னை அறைஞ்சுட்டு, வெளியில வந்து, "ஏன்டி, நாலுதானா?"ன்னு கேட்ட. அதுக்கப்புறம் அடிக்கவும் யாரும் என் பக்கத்துல வரல.

அந்த வருஷம்தான் ஸ்கூல் சாக்கடையில பெருச்சாளி செத்துக் கிடந்தது. பாதி அழுகி, வயித்துப் பக்கம் எலும்பு தெரிஞ்சுது. எல்லாரும் வாந்தி எடுக்காத குறையா ஓடினாங்க. நான் ஓடல. திரும்பிப் பாத்தா இன்னும் ரெண்டு பேரு ஓடாம நிக்கறாங்க. கறிக்கடைக்காரர் பொண்ணு ஷபானா. புதுசா ஆனேக்கல்லேருந்து வந்து சேந்திருந்த காவ்யா.

"பல்லு ஆரஞ்சு கலருடி," நான்தான் முதல்ல பேசினேன்.

"எல்லாப் பெருச்சாளிக்கும் அப்படித்தான். எங்கப்பா கடைக்குப் பின்னால வரும், நான் பாத்திருக்கேன்," ஷபானா சொன்னா.

காவ்யா குந்தி உக்காந்து, குச்சியால வாலை நீவிப் பாத்தா. கன்னடமும் தமிழும் கலந்து அவ பேசற தினுசே தனி. "நோட்றே, பாருங்கடி, இந்த வாலுல எத்தனை எலும்பு இருக்கும்? எண்ணலாமா?"

எண்ணலாமான்னு என்னைப் பாத்து ஒருத்தி கேட்டா, அம்மா! விளையாட வர்றியான்னு கூட யாரும் கேட்டதில்ல. நான் அன்னிக்கு வீட்டுக்கு ஓடி வந்து பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். சந்தோஷத்துல அழுதது அதுதான் முதல் தடவை.

அப்புறம் எங்களுக்கு அதே வேலை. செத்த காக்கா, பூனை, ஓணான், எது கிடைச்சாலும் வெங்காயம் வர்ற வலைப்பையில கட்டி, பழைய பக்கெட்டு மண்ணுல புதைப்போம். மூணு மாசத்துல புழுவும் எறும்பும் சதையைத் தின்னுட்டு எலும்பை மட்டும் விட்டுடும். அதை சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சு, ஃபெவிகால்ல ஒட்டி நிக்க வைப்போம். நாத்தம் தெரியாம இருக்க மண்ணோட மஞ்சத்தூள் கலந்தது என்னோட யோசனை. எந்த எலும்பு யாருதுன்னு குழம்பாம இருக்க ஆளுக்கு ஒரு நூல் கட்டுவோம். காவ்யாவுக்கு மஞ்சள், ஷபானாவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு.

எலும்பு, மஞ்சத்தூள், சிவப்பு நூல். எங்களுக்கு உறைக்கவே இல்ல பாரு. மூணு பேரும் படிப்புல கெட்டிங்க வேற.

நீ அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பூனை மண்டையைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு விழுந்த அடி ஞாபகமிருக்கா? காலையில புத்த விகாரையில உக்காந்து எந்த உயிருக்கும் தீங்கு செய்ய மாட்டேன்னு கண்ணை மூடிச் சொல்லிட்டு வந்த கையோட, கரண்டிக் காம்பு வளையற வரைக்கும் என்னை அடிச்ச. "நாள் பூரா செத்த நாயும் செத்த எலியும் வாரி வாரி என் கையே நாறிக் கிடக்கு. நீ அதையே வீட்டுக்குள்ள கொண்டாரியாடி பாவி? இன்னொரு எலும்பு இந்த வாசப்படி தாண்டட்டும், உன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கறேன்!" சும்மா சொல்ற ஆளா நீ? நான் பயந்துதான் போனேன். அதுக்கப்புறம் என் பக்கெட்டை மாடிப்படிக்குக் கீழ, பக்கத்து வீட்டு சரோஜாக்காவோட தண்ணி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன்.

தசரா லீவுல அதைத் தோண்டி எடுத்தோம். உள்ள இருந்தது ஒரு பருந்து. அல்சூர் ஏரிக்கரையில மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து விழுந்தது. அதை நான்தான் கண்டெடுத்தேன், நான்தான் புதைச்சேன், ஒவ்வொரு ரெக்கை எலும்பிலயும் நான்தான் சிவப்பு நூல் கட்டினேன். ஷபானா அன்னிக்கு வேடிக்கை பாக்கத்தான் வந்தா. மண்டையை அவ கையில வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. பருந்தோட கண்ணைச் சுத்தி எலும்புலயே ஒரு வளையம் இருக்கும். "யம்மாடி, மோதிரம் மாதிரி இருக்குடி வனிதா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா.

சரோஜாக்கா குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தது அப்பதான். அவங்க பையனுக்குக் காலையிலேருந்து ரெண்டு தடவை வலிப்பு வந்து, வாயில நுரை தள்ளி, வீடே அழுதுக்கிட்டிருந்தது. அவங்க டிரம்முக்குப் பின்னாடி எலும்பு, மஞ்சள், சிவப்பு நூல். குடம் கீழ விழுந்தது. "ஐயோ, செய்வினை! என் புள்ளைக்குச் செய்வினை வச்சிருக்காங்க!"

ரெண்டு நிமிஷத்துல தெரு கூடிடுச்சு. சரோஜாக்கா தம்பி முனிராஜு சட்டை கூடப் போடாம ஓடி வந்தான். "யாரு மாடித்து இது? யாரு பண்ணினது? யாரோடதுடி இது?" காவ்யா கூட்டத்துக்குள்ள புகுந்து ஓடிப் போயிட்டா. உன்னைக் கூட்டிட்டு வரத்தான் ஓடினான்னு எனக்கு அப்பத் தெரியாது. நானும் ஷபானாவும் மட்டும் நின்னோம். மண்டை அவ கையில இருந்தது.

சரோஜாக்கா என் தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. "சொல்லுடி! யாருது?"

எனக்கு உன் கரண்டிதான் கண்ணு முன்னாடி வந்தது, அம்மா. கையை ஒடிப்பேன்னு சொன்னியே, அதுதான். வேற எந்த யோசனையும் இல்ல. "அவளோடது. அவதான் கொண்டாந்து வச்சா"ன்னு சொன்னேன். சத்தமா கூடச் சொல்லல. சரோஜாக்கா காதுக்குக் கேக்கற மாதிரி சொன்னேன். ஷபானா நாலு அடி தள்ளி நின்னா. அவளுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு இருபத்திரெண்டு வருஷம் எனக்குத் தெரியாது.

முனிராஜு அவ ஜடையைக் கையில சுத்தி இழுத்தான். அவ "நக்கோ, நக்கோ"ன்னு கத்தினா. பயந்தா அவளுக்கு வேற எந்தப் பாஷையும் வராது. வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்றான்னு அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், நம்ம தெருவுல யாருக்குத் தெரியாது அந்த வார்த்தை? அவன் அவ வலது கையைப் பின்னால முறுக்கினான். டக்குன்னு ஒரு சத்தம். எந்த இடத்துல எந்த எலும்பு உடைஞ்சதுன்னு எனக்கு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. அவ்வளவு கெட்டிக்காரி நான். வாயைத் திறக்காம நின்னேன்.

பொம்பளைங்க காலால உதைச்சாங்க. பொறந்ததுலேருந்து அவளைத் தெரிஞ்சவங்க, அவங்கப்பா கடையில கறி வாங்கறவங்க. யாரோ ஒரு கிழவன், "பல்லை உடைங்கடா! பல்லு போச்சுன்னா மந்திரம் பலிக்காது!"ன்னு கத்தினான். ஒருத்தன் கருங்கல்லு ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். முனிராஜு அவ தாடையைப் பிடிச்சு வாயைப் பிளந்தான். பன்னெண்டு வயசுப் பொண்ணும்மா.

அப்பதான் நீ வந்த.

மூங்கில் கழி போட்ட அந்த நீளத் தொடப்பத்தோட வந்த. முதல் அடி முனிராஜு காதுல விழுந்தது, ரெண்டாவது அவன் மூக்குல. ரத்தம் அவன் வெறும் மார்ல வழிஞ்சுது. கல்லு வச்சிருந்தவன் முழங்காலை அடிச்ச. யாரு எவருன்னு பாக்காம சுழட்டின. ஒரு பொம்பளை முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதின. நடுவுல நின்னுக்கிட்டு, ஷபானாவைக் காலுக்கு நடுவுல போட்டுக்கிட்டு, "அது என் வீட்டுப் பக்கெட்டுடா! என் பொண்ணு வச்சது! பல்லு உடைக்கணும்னா வா, வந்து என்னுதை உடை!"ன்னு கத்தின.

எவனோ உடைச்சான். கல்லு நேரா உன் வாயில விழுந்தது. நீ விழல. துப்பின. ரெண்டு பல்லும் ரத்தமும் மண்ணுல விழுந்தது. அந்த ரத்த வாயோட நீ சிரிச்ச பாரு, அதைப் பாத்துத்தான் கூட்டம் பின்வாங்கிச்சு.

நீ ஷபானாவைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போன. என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல. பருந்து மண்டை மிதிபட்டுத் தூளாக் கிடந்தது. நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சாயங்காலம் நீ திரும்பி வந்தப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. அவளை ஆட்டோவுல ஏத்திட்டுத் திரும்பின உன்னை நிறுத்தி சரோஜாக்காவே சொல்லிட்டாங்களாமே, உன் பொண்ணுதான் அவளைக் கைகாட்டினான்னு. நீ கதவைத் தாப்பாள் போட்ட. அன்னிக்கு அடிச்ச மாதிரி நீ அதுக்கு முன்னாடியும் அடிச்சதில்ல, அப்புறமும் அடிச்சதில்ல. வீங்கின உதட்டோட குழறிக் குழறித்தான் பேசின. "எலும்பு பொறுக்கினதுக்கு இல்லடி. பக்கெட்டை ஒளிச்சதுக்கும் இல்ல, அது எனக்கு முதல் வாரமே தெரியும். கூட்டாளியைக் காட்டிக் கொடுத்தியே, அதுக்கு." அடிச்சு முடிச்சு, என் பக்கத்துலயே சரிஞ்சு உக்காந்து, "இதை நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்"னு சொன்ன.

ஸ்டேஷன்ல சமரசம் பேசி முடிச்சாங்க. ஷபானா அப்பா அதே தெருவுல கடை நடத்தணுமே, கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக் கட்டை அவுத்துட்டுக் கையை நாட்டு வைத்தியர்கிட்டக் கட்டினாங்க, எலும்பு கோணலாச் சேந்துடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அவ கட்டோட நம்ம வாசல்ல வந்து நின்னா. "அடுத்தது என்ன புதைக்கறோம்?"னு கேட்டா.

நீ அன்னிக்கு என்ன பண்ணின, ஞாபகமிருக்கா? மறுநாள் வேலை முடிஞ்சு வரும்போது கேரி பேக்ல ஒரு செத்த காக்கா கொண்டாந்து எங்க முன்னாடி தொப்புன்னு போட்ட. "இந்தாங்கடி பீடைங்களா. வாசல்ல வச்சே புதைங்க. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்." அதுக்கப்புறம் பத்து வருஷம் நீ எங்களுக்குக் கொண்டு வராத பிராணி இல்ல. பிறந்த நாளுக்கு ஆந்தை கொண்டாந்த ஒரே அம்மா நீதான்.

காக்கா கொடுத்தாலும் ஆந்தை கொடுத்தாலும், அவங்க போனப்புறம் அடுப்பைப் பாத்துக்கிட்டே கேப்ப: "சொல்லிட்டியா?" நான் பேச்சை மாத்துவேன். ஷபானா எக்ஸ்ரே படிப்பு முடிச்ச அன்னிக்குக் கேட்ட. அவ நிக்காஹ்ல பிரியாணி பந்தியில கேட்ட. அவ வலது கை தோளுக்கு மேல எழும்பாது, தலை வாரிவிட இன்னொரு ஆள் வேணும். அன்னிக்கு அவளுக்குத் தலை வாரிவிட்டது நான். அந்த முடியைக் கையில பிடிச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்லுவேன்?

லாரி அடிச்ச அன்னிக்கு உனக்கு எக்ஸ்ரே எடுத்தவளும் அவதான். வெளியில வந்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, "வனிதா, விலா எலும்பு ஒண்ணு கூட முழுசா இல்லடி"ன்னு சொன்னா. மூணாவது நாள் நீ கண்ணைத் திறந்த. வாயிலேருந்து குழாயை எடுத்திருந்தாங்க. தண்ணி கேப்பன்னு நினைச்சேன். "சொல்லிட்டியா?"ன்னு கேட்ட.

"சொல்லிட்டேன்மா"ன்னு சொன்னேன். நீ சிரிச்ச. அந்தப் பல்லில்லாத சிரிப்பு. மதியம் போயிட்ட.

சாகப் போறவகிட்டப் பொய் சொன்னேன். அதுக்கு நீ இருந்திருந்தா என்ன அடிச்சிருப்ப? எதால அடிச்சிருப்ப?

அஞ்சு மாசம் தாங்கல எனக்கு. போன ஞாயித்துக்கிழமை அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். டீ போட்டேன், குடிக்க விடாம நேரா சொல்லிட்டேன். சிவப்பு நூல் என்னோடது, நான்தான் உன்னைக் கைகாட்டினேன், நாலே வார்த்தை, அவ்வளவுதான்னு சொன்னேன். கூடவே, அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சான்னு கேட்டேன்.

"கேக்கல"ன்னா. அப்புறம் எழுந்து இடது கையால அறைஞ்சா. கன்னம் உள்பக்கம் பல்லுல கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம். இன்னொண்ணு அறைஞ்சா. ஈ எறும்பை நசுக்காதவ, அம்மா, என் ஷபானா. டீ டம்ளரைத் தூக்கிச் சுவத்துல அடிச்சா. நான் தடுக்கல.

செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா: "அன்னிக்கு ஆட்டோவுல உங்கம்மா மடியில படுத்துக்கிட்டு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வனிதாவுக்கு ஒண்ணும் ஆகலையே ஆன்ட்டி, அவளையும் அடிச்சாங்களான்னு கேட்டேன். உங்கம்மா அந்தப் பக்கம் திரும்பி அழுதாங்க. பல்லு வலியிலதான் அழறாங்கன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

போயிட்டா. அஞ்சு நாளா போனை எடுக்கல. காவ்யாகிட்டயும் பேசல. காவ்யா என்னைப் பாத்து, "யாக்கே, ஏன் இவ்ளோ வருஷம்?"னு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

ஏன்மா, சாயங்காலமே எல்லாம் தெரிஞ்சிருந்தும் அந்தக் கேள்வியை மட்டும் நீ ஏன் எனக்குச் சொல்லல? அதைச் சொல்லியிருந்தா நான் செத்தே போயிருப்பேன்னு பயந்தியா? நீயா பயந்த?

இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ வீட்டு வாசல்ல போய் நிப்பேன். திறந்தா உள்ள போவேன், திறக்கலைன்னா நிப்பேன், அடிச்சா வாங்கிப்பேன். உனக்காக மன்னிச்சுடுன்னு உன் பேரை இழுத்துக் கேக்க மாட்டேன். அன்னிக்கு ஆட்டோவுல அவ, வனிதாவையும் அடிச்சாங்களான்னு கேட்டாளே, அதுக்கு இருபத்திரெண்டு வருஷமா யாரும் பதில் சொல்லல. என்னை யாரும் தொடலடி ஷபானா, ஒரு கீறல் கூட இல்லன்னு அவ முகத்தைப் பாத்து நானே சொல்லுவேன். இது உன் மேல சத்தியம்.

உன் அடி வாங்கி வளர்ந்த
உன் ஒரே மகள்,
வனிதா